கிராஸ் நாய்க்கு நோயே வராதா? பாதி உண்மை, பாதி நம்பிக்கை!

"வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கோம்" என்று சொன்னதுமே வரும் முதல் கேள்வி, "என்ன பிரீடு?" என்பதுதான். 'கிராஸ்' என்று பதில் வந்தால் பலருக்கு ஆர்வம் குறைந்துவிடும். இன்னொரு பக்கம், "கிராஸ் நாய்க்கு நோயே வராது, செலவே இல்லை" என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சாலும் பாதிக்கப்படுவது நாய்தான்.

பக் சொல்லும் பாடம்

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு பக் நாய்க்கு இந்தியாவில் மவுசு எகிறியது. அந்தச் சப்பை மூக்குதான் அதன் அழகு. பிரச்னையும் அங்கேதான். முகத்தின் எலும்பு குறுகிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை குறுகவில்லை. அதனால் மூச்சுப்பாதை அடைபடுகிறது. நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கின்றன. மூச்சே திணறும் நாய்க்குச் சென்னையின் மே மாத வெயில் உயிருக்கே ஆபத்து.

2024-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம்ம ஊருக்கு ஒத்துவராத 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு எல்லாம் அதில் உண்டு.

கலப்பில் என்ன லாபம்?

ஒரே இனத்துக்குள், சில நேரம் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்க்கும்போது, மறைந்திருக்கும் குறையுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. கலப்பில் அந்த வாய்ப்பு குறையும். ஆனா, முழுசா போய்விடாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 24 மரபுவழிக் கோளாறுகளை ஒப்பிட்டனர். 10 கோளாறுகள் தூய இன நாய்களிடம் அதிகம். 13-ல் வித்தியாசமே இல்லை. முழங்கால் லிகமென்ட் கிழிவது மட்டும் கலப்பின நாய்களிடம் அதிகம். பிரிட்டனில் சுமார் 5.8 லட்சம் நாய்களை வைத்து 2024-ல் வெளியான ஆய்விலோ, தூய இன நாய்களின் இடைநிலை ஆயுள் 12.7 ஆண்டுகள், கலப்பினத்துக்கு 12 ஆண்டுகள். ஆக, 'கிராஸ்' என்பது ஹெல்த் கேரன்டி அல்ல.

லேப்ரடூடுல் போன்ற 'டிசைனர் கிராஸ்' நாய்களுக்கும் இது பொருந்தும். 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் இதை உருவாக்கியது, நாய் முடி ஒவ்வாமை உள்ள கணவரோடு வாழும் பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டதால். பிறகு அது ஃபேஷனாகி, கண்டபடி இனப்பெருக்கம் செய்யப்பட்டதைப் பார்த்து அவரே வெளிப்படையாக வருந்தினார். தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு மூட்டுப் பிரச்னை இருந்தால், குட்டிக்கு வைக்கும் புதுப்பெயர் அதைச் சரிசெய்யாது.

அப்போ எதை வளர்க்கலாம்?

தெருவிலோ காப்பகத்திலோ இருக்கும் குட்டிதான் நம்ம ஊருக்குச் சரியான தேர்வு. குட்டை முடி, நீளமான மூக்கு, வெயிலுக்குப் பழகிய உடம்பு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பது கூடுதல் அழகு. எந்த பிரீடருக்கும் காசு போகாது. வீடில்லாத ஒரு குட்டிக்கு வீடு கிடைக்கும்.

ஆனால், "தெருவுல பிறந்தது, தாங்கும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. பார்வோ வைரஸ் பிரீடு பார்த்து வருவதில்லை. 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, அடுத்தடுத்த பூஸ்டர்கள், 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து, உரிய வயதில் கருத்தடை என எல்லாமே இதற்கும் வேண்டும். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. துறுதுறுப்பான நாய் என்பதால் தினமும் காலை, மாலை வாக்கிங் கட்டாயம். நாள் முழுக்கப் பால்கனியில் கட்டிப்போட்டால் குரைக்கும், கடிக்கும். பக்கத்து ஃபிளாட்டில் சண்டை வரும். கடைசியில் குட்டி மறுபடியும் தெருவுக்கே போகும்.

இலவசமாகக் கிடைப்பது குட்டி மட்டும்தான், பராமரிப்பு அல்ல. மாதாமாதம் அதற்குப் பணமும் நேரமும் ஒதுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு, அப்புறம் அழைத்து வாருங்கள்.