பின்னோக்கி நடக்கும் பேய்!

தோழரே!

பேய்க்குக் கால் இல்லை என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர். நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் ஒரு பேய்க்கு மட்டும் கால் உண்டு. காட்டில் வாழும் பேயுமன்று, சுடுகாட்டில் உலவும் பேயுமன்று. வெண்திரையிலே உலவும் பேய்! அதற்குக் கால் உண்டு. நடக்கவும் செய்கிறது. எப்படி நடக்கிறது என்கிறீரா? முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி, பின்னோக்கி நடக்கிறது!

கேலி பேசுகிறேன் என்று எண்ணாதீர். எழுபத்திரண்டு ஆண்டு வழி இருக்கிறது. என்னுடன் வாரும், காலடிச் சுவட்டைக் காட்டுகிறேன்.

1951ஆம் ஆண்டு. ஜுபிடர் நிறுவனத்தார் 'மர்மயோகி' எனும் படத்தை வெளியிட்டனர். கே. ராம்நாத் இயக்கினார்; ஏ.எஸ்.ஏ. சாமி எழுதினார், எம்.ஜி.ஆர். நாயகர். வஞ்சகத்தால் அரியணை ஏறிய ஊர்வசி எனும் அரசி. அவள் ஆட்சியிலே அல்லற்படும் மக்கள். இறந்தொழிந்தான் என அவள் எண்ணிய மன்னனின் ஆவி அவள் எதிரே தோன்றுகிறது. அரண்மனை அலறுகிறது. அரசி நடுங்குகிறாள். கொட்டகையில் இருந்தவர்களும் நடுங்கினர். கடைசியில் என்ன? ஆவியுமில்லை, அமானுடமுமில்லை. மன்னன் சாகவேயில்லை! உயிரோடிருந்த மனிதன், கொடுங்கோலை அச்சுறுத்தப் போட்ட வேடமே அந்தப் பேய்!

இதிலே ஒரு வேடிக்கை. பேய்க் காட்சி இருக்கிறது என்று கூறி, வயது வந்தோர் மட்டுமே காணத்தக்கது எனும் 'ஏ' சான்றிதழைத் தணிக்கைக் குழுவினர் அதற்கு அளித்தனர். தமிழில் அந்தச் சான்றிதழைப் பெற்ற முதற்படம் அதுதான். பேயே இல்லாத படத்துக்குப் பேயின் பெயரால் முத்திரை! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அரண்டது அரசாங்கத்தின் கண்ணாகவே இருந்தால் என்ன செய்வது?

மூன்றாண்டு கழிந்தது. 1954இல் 'அந்த நாள்' வந்தது. எஸ். பாலச்சந்தர் இயக்கம், ஏ.வி.எம். தயாரிப்பு. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943இல் சென்னையின்மீது ஜப்பானியர் குண்டு வீசிய அந்த நாளை ஒட்டி, ஒரு பொறியாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சுட்டது யார்? ஐந்து பேர்மீது ஐயம். ஒவ்வொருவர் வாயாலும் ஒரு கதை. முடிவில் தெரிகிறது, மாண்டவன் நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்று. 'விதி' என்று கைகழுவவில்லை அந்தப் படம். 'சாபம்' என்று சாக்குச் சொல்லவில்லை. குற்றம் நடந்ததா? செய்தவன் ஒருவன் இருப்பான்; காரணம் ஒன்று இருக்கும்; தேடு, கேள், ஆராய் என்றது. மர்மப்படம் என்றால் அதுவன்றோ மர்மப்படம்!

1961இல் 'அரசிளங்குமரி' வந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதற்கு முன்பே, 1959இல், மறைந்துவிட்டார். ஆயினும் அவர் எழுதி வைத்த பாட்டு அந்தப் படத்திலே ஒலித்தது. மரத்திலே பேய் என்று மிரட்டுவோர் சொல்லை நம்பிக் கோழையாகிவிடாதே என்று ஒரு சிறுவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டு. அதைக் கேட்டு வேப்பமரத்தடியில் துணிந்து நடந்த சிறுவர் எத்தனை பேர்!

அன்றைய படங்கள் அத்தனையும் பகுத்தறிவின் பிள்ளைகள் என்று சாதிக்க நான் வரவில்லை. 1963இல் 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறவிக் கதையைத்தான் சொன்னது. எனினும் அன்றைய வழியிலே கைவிளக்கு ஒன்று இருந்தது. பேய் என்றால், 'யாரடா அது?' என்று கேட்கும் வழக்கம் இருந்தது.

இனி 2005க்கு வாரும். அந்த ஆண்டு நான் அரைக்கால் சட்டையை விட்டு முழுக்கால் சட்டைக்கு மாறிய பருவம். 'சந்திரமுகி' வெளிவந்திருந்தது. ஃபாசில் 1993இல் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் வழிவந்த கதை, தமிழில் பி. வாசு இயக்கம், ரஜினிகாந்த் நாயகர். கங்கா எனும் பெண்ணைப் பிடித்தது பேயன்று, மனநோய் என்றது படம். தீர்க்க வந்தவர் மனநல மருத்துவர். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் பக்கத்திலேயே மாந்திரீகருக்கும் ஓர் ஆசனம் போட்டார்கள். போதாக்குறைக்கு ஒரு பெரும்பாம்பு. அது எதற்கு வந்தது, எதற்குப் போனது என்று இன்றுவரை எவருக்கும் விளங்கவில்லை!

தாம்பரம் வித்யா திரையரங்கில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நண்பர் நால்வர் திரும்பினோம். குறுக்கு வழி என்று சானடோரியம் மருத்துவமனையின் மதிலோரமாக நடந்தோம். இருள், மரங்கள், காற்று. திடீரென மதிலுக்கு அப்பாலிருந்து ஓர் ஓசை. மார்பைப் பிளந்து வருவது போன்ற ஓசை. நின்றது, மீண்டும் எழுந்தது. 'சந்திரமுகிடா!' என்றான் ஒருவன். செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். வாயிற்புறம் வந்தபோது காவலாளி கைவிளக்கை முகத்தில் அடித்தார்.

"ஏன்டா தம்பிங்களா ஓடுறீங்க?"

"பேய்ண்ணே!"

அவர் சிரிக்கவில்லை. "பேயில்லப்பா. வார்டுல ஒரு பெரியவர் இருமுறாரு. மூணு நாளாத் தூக்கமில்ல. ஊர்லேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கல."

தோழரே, கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். என் வாழ்நாளில் கற்ற பாடங்களுள் பெரியது, அந்த இரவு அந்தக் காவலாளி நடத்திய பாடம். பேயென்று நாங்கள் ஓடியது, ஒரு மனிதன் இருமியதைக் கேட்டு! இருமியவரைக் காண ஒருவரும் வரவில்லை. இல்லாத பேயைக் காண, ஊரே கொட்டகையில் வரிசை நின்றது!

அந்த மருத்துவமனையின் வரலாறு தெரியுமா உமக்கு? காசநோய் என்றால் ஊரார் கதவடைத்த காலம். அப்போது, 1928இல், டாக்டர் சௌரிமுத்து எனும் தமிழர் தாம்பரத்தில் அந்த நலவிடுதியை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. பின்னாளில் எச்.ஐ.வி. கண்டவர்களை ஊர் ஒதுக்கியபோது, ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டது அதே வளாகம். 2004இல் இந்நாட்டில் இலவசக் கூட்டு மருந்து முதன்முதல் வழங்கப்பட்ட சில மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. எலும்புருக்கி நோயைப் பாவத்தின் பலன் என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள். இராபர்ட் கோக் 1882இல் நுண்ணோக்கி வழியே பார்த்தார், கிருமி தெரிந்தது. பார்த்தவன் வென்றான், தோழரே. பயந்தவன் வெல்லவில்லை!

உடல்நோய்க்கு வந்த விடிவு மனநோய்க்கு வந்ததா? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாளை நினைத்துப் பாரும். இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம், கூரைக் கொட்டகை, விடியற்காலம், தீ. ஓடலாமே என்பீர். எப்படி ஓடுவது? காலிலே சங்கிலி! பிணைக்கப்பட்ட இடத்திலேயே கருகினர். 28 உயிர்கள் போயின. பேய் பிடித்தது, பிசாசு பிடித்தது, இங்கே வைத்தால் தெளியும் என்று பெற்றவரும் உற்றவரும் நம்பிக் கொண்டுவந்து விட்டவர்கள் அவருள் எத்தனை பேர்! ஏர்வாடி ஒன்றை மட்டும் சுட்டி ஒரு மதத்தாரைப் பழிப்பது என் நோக்கமன்று. கோயில் வாசலிலும் வேப்பிலை அடி உண்டு. தேவாலய வாசலிலும் தலைமுடியைப் பற்றி உலுக்குவது உண்டு. எல்லா வாசலிலும் அடி வாங்கும் முதுகு ஒன்றே. அது நோயாளியின் முதுகு!

அந்தத் தீ அணைந்து நான்காண்டு கழித்து வந்தது 'சந்திரமுகி'. 'பேயன்று, நோய்' என்று அரைக்குரலிலாவது சொன்னது. பதினெட்டு ஆண்டு கழித்து, 2023இல், அதே பி. வாசு இயக்கத்தில் 'சந்திரமுகி 2' வந்தது. அரைக்குரல் முழுக்குரலாகியிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்பீர்? இல்லை! இம்முறை நோய் போயிற்று, பேயே வந்தது! அன்று மனத்தின் பிளவாக இருந்த சந்திரமுகி, இன்று மெய்யான ஆவியாகிப் பெண்ணுடலில் புகுந்தாள்.

கண்டீரா காலடிச் சுவட்டை? 1951இல் பேய் என்பது மனிதனின் வேடம். 2005இல் பேய் என்பது மனத்தின் நோய். 2023இல் பேய் என்பது பேய்! கையிலே வான்கலம் செலுத்தும் கணிப்பொறி, கண்ணெதிரே வேப்பிலை. முன்னே போகிறது நாடு. பின்னே போகிறது திரைப்பேய்!

"ஏனய்யா குறை கூறுகிறாய்? இன்றைய பேய் ஏழையின் பக்கமன்றோ நிற்கிறது? 2011இல் வந்த 'காஞ்சனா'வைப் பார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அதிகாரம் படைத்தவன் பறிக்கிறான். கொலையுண்ட திருநங்கை ஆவியாய் எழுந்து பழி தீர்க்கிறாள். இது முற்போக்கு அல்லவா?" என்று கேட்கும் நண்பர் உண்டு.

நியாயமான கேள்வி. கேலிப் பொருளாகவே திரையில் காட்டப்பட்டுவந்த திருநங்கைக்காகக் கொட்டகை கண்ணீர் விட்டதென்றால், அதை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்தக் காஞ்சனா உயிரோடிருந்து, மனுவை எழுதி, அலுவலக வாசலில் நின்று, வழக்கு மன்றம் ஏறி நீதி கேட்டால், அதைப் படமெடுப்பாரா? கொட்டகை நிறையுமா? ஏழை வாழும்போது கேட்டால் தொல்லை. செத்தபின் கேட்டால் வெற்றிப்படம்! நீதி வேண்டுமென்றால் முதலில் நீ சாகவேண்டும் என்று சொல்லாமற் சொல்கிறதே, அது என்ன முற்போக்கு? பழியை ஆவி தீர்க்கும் என்று எண்ணிவிட்டால், சங்கம் எதற்கு? ஊர்வலம் எதற்கு? வாக்குச்சீட்டு எதற்கு? படம் முடிந்தது, பேய் தீர்த்தது, நாம் வீட்டுக்குப் போகலாம் என்று படுத்துவிடும் சமூகத்தின்மீதுதான் நிலம் பறிப்பவன் நிம்மதியாக வீடு கட்டுவான்!

அச்சச்சுவையே கூடாது என்கிறேனா? அன்று. நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். அச்சத்தின் அருமை அறிவேன். 1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தார். உலகமே உறைந்தது, பேய் ஒன்றுகூட இல்லை. 1968இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். நடைப்பிணங்கள் சூழ்ந்த வீட்டில் ஒரு கறுப்பின இளைஞன் இரவெல்லாம் போராடிப் பிழைக்கிறான். விடிகிறது. காப்பாற்ற வந்த கூட்டம் அவனைச் சுட்டுக் கொல்கிறது! மார்ட்டின் லூதர் கிங் சுட்டு வீழ்த்தப்பட்ட அதே ஆண்டு அது. எதற்கு அஞ்சவேண்டும் என்று அந்தப் படம் காட்டியது: பிணத்துக்கன்று, துப்பாக்கி பிடித்த உயிருள்ள கைக்கு!

அஞ்சத்தக்கவை நம் வட்டாரத்தில் இல்லையா? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த இரவு, எந்தப் பேய்ப்படத்துக்குக் குறைந்தது? கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கரிக்காட்டுக்குப்பம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை அடித்துப் பாழாக்கிய மீனவர் ஊர். அந்த இடிந்த சுவர்களுக்கிடையே நள்ளிரவில் கைப்பேசியோடு 'பேய் வேட்டை'க்குப் போகிறார்களாம் நம் இளைஞர்! அங்கே இருந்தவை பேய்களா? வலை பின்னிய கைகள், தோழரே! உலை வைத்த அடுப்புகள்! மாண்டவருக்கு மலர் வைக்கவேண்டிய இடத்தில் மர்மக் கதை விற்பது, இறந்தவரை இரண்டாம் முறை கொல்வதாகும்.

எனவே என்ன செய்வது? சுவரொட்டியைக் கிழிப்பதா? கொட்டகை வாசலில் மறிப்பதா? வேண்டாம். அது நம் வழியன்று. பாரும், சிரியும், அஞ்சவும் செய்யும். ஆனால் வெளியே வந்ததும் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு கேள்வி கேளும்: "அந்தப் பேய் உயிரோடிருந்தபோது நாம் எங்கே இருந்தோம்?"

உம் தெருவில் ஒரு பெண் தனியே பேசுகிறாளா? ஓர் இளைஞன் உறங்காமல் உலவுகிறானா? பூசாரியைத் தேடி வண்டி பிடிக்குமுன் நீர் போய் நில்லும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது என்று சொல்லும். 14416 என்ற எண்ணில் அழைத்தால் 'டெலி மானஸ்' வழி ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும் என்று சொல்லும். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேலிச்சொல்லாக்கியது நம் திரைப்படம். அது நோய் தீர்க்கும் இடம் என்று சொல்ல வேண்டியது நம் கடமை. படிப்பகத்தில் பேசும். தெருமுனையில் பேசும். முடிந்தால் ஒரு சிறு நாடகம் போடும். எழுதித் தர நான் இருக்கிறேன்.

இன்றும் இரவு இரயிலில் சானடோரியம் நிலையத்தைக் கடக்கும்போது என் செவி தானாக நிமிர்கிறது. மதிலுக்கு அப்பால் யாரோ இருமுகிறார். அன்று ஓடிய கால்களுக்கு இன்று வெட்கமாக இருக்கிறது. தோழரே, அடுத்த முறை இருளில் ஓர் ஓசை கேட்டால் ஓடாதீர். நில்லும். கைவிளக்கை ஏற்றும். "யாரங்கே?" என்று கேளும்.

அங்கே இருப்பது மனிதன். அவன் நமக்காகக் காத்திருக்கிறான்!