எது தலைகீழ்?

ஆங்கிலம் நேராகப் பேசுகிறது, தமிழ் தலைகீழாகப் பேசுகிறது என்னும் ஒரு கருத்து தமிழகத்து வகுப்பறைகளில் நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கின்றது. ஆங்கிலத் தொடரொன்றைக் கரும்பலகையில் எழுதிப் பொருள்சொல்லத் தொடங்கும் ஆசிரியர், "கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள், தமிழ் வந்துவிடும்" என்று குறுக்குவழி கற்றுத் தருகின்றார். அவ்வழி பெரும்பாலும் பயன்தருவதும் உண்மையே. ஆயினும், அதனைக் கேட்டு வளரும் பிள்ளையின் நெஞ்சில், தன் தாய்மொழி பின்புறமாக நடக்கும் மொழி என்னும் தாழ்வெண்ணம் ஊன்றப்பட்டு விடுகின்றது. அவ்வெண்ணமே, பின்னாளில் அவன் எழுதும் தமிழை ஆங்கில வரிசைக்கு வளைக்கின்றது. ஆகவே, ஆங்கிலத்தின் சொல்வரிசை எத்தகையது, அஃது அம்மொழிக்கு எவ்வாறு வந்தது என்பதைத் தமிழர் தெளிவுற அறிதல் வேண்டும்.

தமிழில் 'நாய் மாந்தனைக் கடித்தது' என்றாலும், 'மாந்தனை நாய் கடித்தது' என்றாலும், கடித்தது நாயே, கடிபட்டவன் மாந்தனே. சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறுவதில்லை, அழுத்தமே மாறுகின்றது. 'ஐ' என்னும் ஓரெழுத்து உருபு மாந்தனோடு ஒட்டி நின்று, அவன் தொடரில் எங்குச் சென்றாலும் அவனைச் செயப்படுபொருளாகவே காட்டுகின்றது. ஆங்கிலத்திலோ 'நாய் – கடித்தது – மாந்தன்' என்பதே வரிசை. பெயர்கள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், மாந்தன் நாயைக் கடித்துவிடுவான்! அங்கே பெயரோடு உருபில்லை. வினைக்கு முன் நிற்பது செய்வது, பின் நிற்பது செயப்படுவது என்பதொன்றே அடையாளம். சொல் அமர்ந்திருக்கும் இருக்கையே அங்கு வேற்றுமை உருபாகின்றது.

இந்நிலை ஆங்கிலத்தின் பிறவியியல்பன்று. ஓராயிரம் ஆண்டுகட்கு முன்னிருந்த பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்தன. பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல்லும் திரிந்தது. ஆண்பாற் பெயர் எழுவாயாயின் 'சே' என்றும், செயப்படுபொருளாயின் 'தொனெ' என்றும் அச் சொல் வடிவு மாறியது. ஆதலின், சொற்கள் அன்று இன்றினும் தாராளமாக இடம்பெயர முடிந்தது. அதனினும் வியப்பு, கிளைத்தொடர்களில் வினை பலகாலும் இறுதியிலேயே நின்றது என்பதாகும். ஆங்கிலத்தின் உறவு மொழியாகிய செருமன் இன்றும் கிளைத்தொடர்களில் வினையை இறுதியில்தான் வைக்கின்றது. 'வினை இறுதியில் நிற்பது தலைகீழ்' என்று இகழ்வோர், ஆங்கிலத்தின் முன்னோரையே இகழ்கின்றனர் என்பதை அறியார்.

பின்னர் அவ்வீறுகள் என்னாயின? சொல்லின் முதற்பகுதியில் அழுத்தம் விழும் ஒலிப்பினால், இறுதியசைகள் மெலிந்து தேய்ந்தன. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வந்திறங்கிக் குடியேறிய வடபுலத்தாரின் மொழியோடு கலந்ததும் அத் தேய்வை விரைவுபடுத்தியது என்பர் அறிஞர். 1066-இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. ஆங்கில எழுத்து வழக்கைக் கட்டிக்காத்த மரபு குலைந்தது. பேச்சில் முன்பே நிகழ்ந்துவந்த ஈற்றுத் தேய்வு, தடையின்றி ஏட்டிலும் ஏறியது. 1154 வரை எழுதப்பெற்ற பீட்டர்பரோ ஆண்டுக்குறிப்பின் பிற்பகுதியில் இத் தேய்வைக் கண்கூடாகக் காணலாம். வழக்குரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுதல் வேண்டுமென்று 1362-இல் சட்டம் செய்தபோது, அச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பெற்றது! ஈறு தேய்ந்ததால் வரிசை இறுகியதா, வரிசை இறுகியதால் ஈறு தேய்ந்ததா என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிச் சென்றன என்பதில் ஐயமில்லை.

ஆயின், பள்ளிநூல் சொல்லும் 'எழுவாய் – பயனிலை – செயப்படுபொருள்' என்னும் ஒற்றை வாய்பாட்டில், வழக்கிலுள்ள ஆங்கிலம் முழுவதும் அடங்கிவிடுவதில்லை. 'ஒருபோதும் இல்லை' என்னும் எதிர்மறைச் சொல்லைத் தொடரின் தலையில் வைத்தால், துணைவினை எழுவாயை முந்திக்கொண்டு வரும். பேருந்து வருவதைக் கண்டவர் 'இங்கே வருகிறது பேருந்து' என்னும் வரிசையில் சொல்வர். பேருந்தை 'அது' என்று சுட்டினாலோ, 'இங்கே அது வருகிறது' என்று வரிசை மீண்டும் திரும்பிவிடும். இவையெல்லாம், வினையை இரண்டாமிடத்தில் நிறுத்திய பழைய மரபின் எச்சங்கள். மிக நீண்ட செயப்படுபொருளாயின், அதனைத் தொடரின் கடைக்கோடிக்குத் தள்ளிவிடுவர். ஆங்கிலம் பளுவைப் பின்னே சுமக்கும் மொழி. இவ்விலக்குகள் ஒவ்வொன்றுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. விருப்பம்போல் மாற்ற எவருக்கும் உரிமையில்லை.

அழுத்தத்தை மாற்ற விரும்பும் ஆங்கிலேயன் படும் பாட்டையும் காண்க. 'கண்ணன் நேற்று வந்தானா?' என்று கேட்க, 'செய்' என்னும் வினையைப் பொருளற்ற துணைவினையாக்கித் தொடரின் முன்னே நிறுத்துகின்றான். 16-ஆம் நூற்றாண்டில் பரவிப் பின்னர் நிலைபெற்ற வழக்கு அது. 'கண்ணனா நேற்று வந்தான்?' என்று ஆளை ஐயுற்றுக் கேட்கவோ, குரலை உயர்த்த வேண்டும். அன்றி, 'அது கண்ணனா, நேற்று வந்தவன்?' என்னும் போக்கில் தொடரையே பிளந்து கட்ட வேண்டும். தமிழன் 'ஆ' என்னும் ஓரெழுத்தை எடுத்து, ஐயமுள்ள சொல்லில் ஒட்டுகின்றான். கண்ணனா? நேற்றா? வந்தானா? வினா முடிந்தது. செயப்படுபொருளை முன்னே கொணர ஆங்கிலன் செயப்பாட்டு வினையை நாடுகின்றான். தமிழனோ சொல்லை எடுத்து முன்னே வைக்கின்றான், அவ்வளவே.

இனி, தலைகீழ் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. 'மரத்திலிருந்து விழுந்த மாங்கனியைத் தின்ற சிறுவன்' என்பது தமிழ். ஆங்கிலத்தில் இஃது 'சிறுவன் – தின்ற – மாங்கனி – விழுந்த – இலிருந்து – மரம்' என்று அமையும். ஆடியில் தெரியும் எதிருரு போல, இரண்டும் ஒன்றற்கொன்று நேர் எதிர். தமிழில் அடை முன்னும் அடைகொளி பின்னும், உருபு பெயருக்குப் பின்னும், வினை இறுதியிலும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் வினை முன்னும் அதன் பொருள் பின்னும், உருபுக்கு ஈடான இடைச்சொல் பெயருக்கு முன்னும், விளக்கும் கிளைத்தொடர் பெயருக்குப் பின்னும் நிற்கின்றன. இரண்டும் தம்முள் ஒழுங்குடைய இருவேறு கட்டடங்கள். 1963-இல் கிரீன்பெர்கு என்னும் அமெரிக்க மொழியறிஞர் 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுநெறிகளை வெளியிட்டார். வினையை இறுதியில் வைக்கும் மொழிகள், உருபைப் பெயருக்குப் பின் வைப்பதே மிகப் பெரும்பான்மை என்பது அவற்றுள் ஒன்று. ஆடியில் தெரியும் உருவைக் காட்டி, எதிரே நிற்பவனைத் தலைகீழ் என்பது அறிவாகுமா?

எண்ணிக்கை கேட்பார்க்கும் விடையுண்டு. மேத்தியூ திரையர் என்னும் மொழியறிஞர் தொகுத்த 1376 மொழிகளுள், தமிழைப்போல் வினையை இறுதியில் வைத்து 'எழுவாய் – செயப்படுபொருள் – பயனிலை' என நிற்பவை 564. ஆங்கிலத்தைப்போல் வினையை நடுவில் வைத்து எழுவாயை முன்னிறுத்துபவை 488. எஞ்சியவை பிற வரிசையினவும், ஒரு வரிசைக்கும் கட்டுப்படாதனவும் ஆம். சப்பானியமும் கொரியமும் துருக்கியும் தமிழின் அணியிலேயே நிற்கின்றன. சப்பானியன் தன் மொழியைத் தலைகீழ் என்று நாணி, அறிவியலைக் கைவிட்டானா?

தமிழ் மூதறிஞர் சொல்வரிசையைப் பற்றி எண்ணாதவரும் அல்லர். தொல்காப்பியர் வேற்றுமையை எட்டாக வகுத்ததோடு நில்லாமல், செய்யுளில் சொற்கள் இடம் மாறிக் கிடப்பினும் அவற்றை இணைத்துப் பொருள்காணும் முறைகளை நிரனிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்காக வகுத்தார். பின்வந்த நன்னூலார் பொருள்கோளை எட்டாக விரித்தார். வரிசை மாறும் உரிமையையும் அதன் வரம்பையும் ஒருங்கே ஆய்ந்த மரபு இது.

இத்தகைய மரபில் வந்தோர் இன்று எழுதுவது என்ன? 'அவன் வரவில்லை, ஏனென்றால் மழை பெய்தது' என்கின்றனர். 'மழை பெய்ததால் அவன் வரவில்லை' என்றால் குறைந்துபோவது யாது? 'அமைச்சர் கூறினார், வரும் ஆண்டில் பாலம் கட்டப்படும் என்று' என எழுதுகின்றனர். 'இந்நூல் எழுதப்பட்டது ஓர் அறிஞரால், அவர் முப்பதாண்டு ஆசிரியராக இருந்தவர்' என்று நூன்முகத்தில் அச்சேறுகின்றது. 'முப்பதாண்டு ஆசிரியராயிருந்த அறிஞர் ஒருவர் இந்நூலை எழுதினார்' என்னும் தமிழ் எங்கே போயிற்று? 'வந்துவிட்டான் தம்பி' என்று உணர்ச்சியால் வினையை முன்னே சொல்வது தமிழின் உரிமை, அது வேறு. மேற்காட்டியவற்றில் உணர்ச்சியுமில்லை, அழுத்தமுமில்லை. ஆங்கில வரிசையின் நிழலே உண்டு. கணினி நொடிப்பொழுதில் மொழிபெயர்த்துத் தருவதைச் செப்பஞ்செய்யாமல் அச்சேற்றும் சோம்பலும் இன்று இதனோடு சேர்ந்துகொண்டது.

அயற்சொல் கலந்தால் அது கண்ணுக்குத் தெரியும், களைந்துவிடலாம். அயல்வரிசை கலந்தாலோ, சொல்லெல்லாம் தமிழாயிருக்க, தொடர் மட்டும் அயலாகிவிடும். தூய சொற்களால் எழுதியும் தூய தமிழாகாத கேடு இது. அதனால் இதனைக் களைவதே கடினம்; கடினமாதலின் விழிப்பும் மிகுதியாக வேண்டும். மொழிபெயர்ப்போர் முதலில் தொடரின் வினையைக் கண்டு அதனை இறுதியில் நிறுத்துக. காலமும் இடமும் முன்னே செல்லட்டும். விளக்கும் பகுதி பெயருக்கு முன் வரட்டும். அடைகள் மூச்சுமுட்டுமளவு நீண்டால், தொடரை இரண்டாக வெட்டுக, வரிசையை வெட்டற்க.

ஆங்கிலம் தாழ்ந்த மொழியன்று. ஈறுகளை இழந்த அம்மொழி, வரிசையைக் கைக்கோலாகப் பற்றி உலகெங்கும் நடந்தது. அஃது அதன் திறம். ஆயினும், கால் நலமாயிருப்பவன் பிறன் கைக்கோலைக் கடன்வாங்கி நொண்டுவது நகைப்புக்கிடமன்றோ? ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே கற்க! தமிழைத் தமிழாகவே எழுதுக! இரண்டும் அறிந்த ஆசிரியர், தலைகீழ் என்னும் சொல்லை வகுப்பறையினின்று இன்றே துடைத்தெறிக!