பழைய போர் விமானங்களும் எங்கள் பதுங்குகுழிகளும்

கனடாவில் வாழும் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்ரன் நகரில் உள்ள கனேடியப் போர் விமான மரபுரிமை அருங்காட்சியகத்தின் லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானம், ஓடுபாதையில் ஓடி மேலெழுகின்ற காட்சி. நான்கு இயந்திரங்களும் ஒருசேர முழங்குகின்றன. வேலிக்கு வெளியே நிற்கும் கூட்டம் கைதட்டுகிறது. "இதைப் பார்த்த நாள் தொட்டு என் மகன் விமானப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்கிறான். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பு விறைத்துவிட்டது. எங்கள் இருவரில் யார் சரி?" என்று கேட்டிருந்தார்.

அவருக்குத் தனியே எழுதியிருக்கலாம். ஆனால் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் பலரது வீட்டில் இதே கேள்வி இருக்கும் என்று தோன்றியதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் மகனின் பக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 7,377 லங்காஸ்ரர் விமானங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பறக்கும் நிலையில் பேணப்பட்டு வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று ஹமில்ரனில், மற்றது பிரித்தானிய விமானப்படையின் நினைவுப் பறப்பு அணியில். 2014 ஓகஸ்ட்டில் ஹமில்ரன் விமானம் அத்திலாந்திக்கைக் கடந்து சென்று, இரண்டும் அருகருகே பறந்தன. இத்தகைய விமானத்துக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை எதுவும் கிடையாது. துருப்பிடித்த தகட்டைக் கழற்றி, அதே அளவில் புதிதாக வெட்டி, ஆணி ஆணியாக அறைந்து பொருத்தவேண்டும். ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் தொண்டர்களும் ஆண்டுக்கணக்கில் செய்கின்ற வேலை அது. கைவினையை மதிக்கத் தெரிந்த எவரும் அதனை இகழ மாட்டார்.

ஹமில்ரன் விமானம் அன்ட்ரூ மினார்ஸ்கி என்ற கனேடிய வீரரின் நினைவாகப் பறக்கிறது. 1944 ஜூனில் பிரான்சின் வானில் தீப்பற்றிய விமானத்தில், பின்பகுதியில் சிக்கிக்கொண்ட தோழனை மீட்க முயன்று, தன் உடையிலும் குடையிலும் தீ பற்றிய பின்னரே அவர் குதித்தார். அவர் இறந்தார், சிக்கிக்கொண்டவர் பிழைத்தார். அந்தக் கதையைக் கேட்டு ஒரு சிறுவன் நெகிழ்ந்தால் அதில் என்ன பிழை?

இந்திய விமானப்படையும் பழைய விமானங்களுக்கென ஓர் அணியை வைத்திருக்கிறது. 2012இல் ஒரு ரைகர் மொத் மீண்டும் பறந்தது. 2018இல் 'பரசுராமா' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா ஒன்று இங்கிலாந்தில் பழுதுபார்க்கப்பட்டு இந்தியாவுக்குப் பறந்து வந்தது. 1947 ஒக்ரோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதற் படையினரை ஏற்றிச் சென்ற விமானத்தின் இலக்கம் அதன் உடலில் தீட்டப்பட்டிருக்கிறது. டக்கோட்டா நமக்கும் அந்நியமானதன்று. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதலாவது பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது டக்கோட்டாவில்தான். போருக்காகப் பெருந்தொகையில் கட்டப்பட்ட விமான வகை, போர் முடிந்ததும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைத்தது.

நிற்க. இனித் தந்தையின் பக்கம்.

நான் செட்டிகுளத்தான். எங்கள் ஊருக்குக் கிழக்கே வவுனியாவில் இருக்கும் விமான ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அமைத்தது. போஃபோர்ட் எனப்படும் கடல்தாக்குதல் விமானங்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்தன. இன்று அந்த வகை விமானம் உலகில் மிக அரிது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒன்றை மீண்டும் பறக்கவைக்கவேண்டும் என்று ஒரு குழுவினர் பல்லாண்டுகள் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். அது பறந்தால் அதனைக் காண நானும் விரும்புவேன். அதே ஓடுபாதை பின்னாளில் எங்கள் போரிலும் பயன்பட்டது என்பதும், அதன்மீதே 2008 செப்ரெம்பர் 9 அன்று விடுதலைப் புலிகளின் விமானங்கள் குண்டு வீசின என்பதும் வேறு கதை.

வன்னியில் விமானத்தைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். பார்க்க நின்றவர் பலர் பிழைக்கவில்லை. ஓசையை வைத்தே மக்கள் பெயரிட்டார்கள். மெதுவாக இரைந்துகொண்டு வருவது சகடை. விடாமல் ரீங்கரித்தபடி வட்டமிடும் ஆளில்லா வேவு விமானம் வண்டு. குண்டு வீசுவது எதுவானாலும் பொம்மர். 1996இல் இஸ்ரேலிலிருந்து வாங்கப்பட்ட கிபிர் மட்டும் தன் சொந்தப் பெயரிலேயே அழைக்கப்பட்டது. அது வந்து போன பின்னர்தான் ஓசை வரும் என்பார்கள். எழுதப் படிக்கத் தொடங்காத குழந்தைகூட வண்டையும் சகடையையும் பிரித்தறியும். ஹமில்ரன் வேலியோரம் நிற்கும் விமான ஆர்வலர்கள் பெருமைப்படும் அதே திறமைதான் இது. எங்கள் பிள்ளைகள் அதைக் கற்ற காரணம் மட்டுமே வேறு.

வானத்தை மகிழ்ச்சியோடு அண்ணாந்து பார்த்த நாளும் நமக்கு உண்டு. 1987 ஜூன் 4 அன்று இந்தியாவின் அன்ரனோவ்-32 விமானங்கள் ஐந்து, மிராஜ் விமானங்களின் காவலுடன் வந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுமார் 25 தொன் உணவுப் பொருள்களைப் போட்டன. மக்கள் வீதியில் இறங்கி ஆரவாரித்தார்கள். சில ஆண்டுகளின் பின் அதே வகை அன்ரனோவை இலங்கை விமானப்படையும் வாங்கியது. அது வந்தபோது மக்கள் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். இயந்திரம் ஒன்றுதான். அது என்ன சுமந்து வருகிறது என்பதை வைத்தே கீழே நிற்பவர் அதனை அறிவார்.

இப்போது ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கு வருவோம். ஆர்ஜென்ரீனாவில் கட்டப்பட்ட புக்காரா. 1982இல் போக்லண்ட் போரில் பிரித்தானியர் கைப்பற்றிய புக்காரா ஒன்று, இங்கிலாந்தின் கொஸ்போர்ட்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் இலங்கை விமானப்படை நான்கு புக்காராக்களை வாங்கியது. மூன்று அழிந்தன. எஞ்சிய ஒன்று 1999இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டு, இரத்மலானையில் உள்ள இலங்கை விமானப்படை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

1995 ஜூலை 9 அன்று இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை தொடங்கியபோது, இடம்பெயர்ந்து வந்த மக்கள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தங்கியிருந்தார்கள். விமானம் குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வந்தது புக்காரா என்றே யாழ்ப்பாணத்தவர் சொல்கிறார்கள்.

உலகின் எந்த அருங்காட்சியகத்துக்குச் சென்றாலும் விமானத்தின் முன்னுள்ள பலகையில் பெரும்பாலும் ஒரேவகைத் தகவல்களே இருக்கும்: இயந்திரத்தின் வலு, உச்ச வேகம், சுமக்கும் எடை, இறக்கையின் நீளம். சுமந்து சென்ற எடை எங்கே விழுந்தது என்ற வரி அநேகமாக இராது. என் வழக்கு அந்த ஒரு வரிக்கானது.

அந்த வரியை எழுதுவது எளிதன்று என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தைப் புதுப்பிக்கும் வேலை 1984இல் தொடங்கியது. சுமார் 3 இலட்சம் மணி நேர உழைப்பு அதற்குச் செலவானது. 1995இல் அதன் ஒரு பகுதியைக் காட்சிக்கு வைத்தபோது, நகரில் மாண்டவர்களைப் பற்றியும் சொல்ல ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகம் திட்டமிட்டது. முன்னாள் படையினரின் அமைப்புகள் எதிர்த்தன, அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விற் பதவி விலகினார். 2003 டிசம்பரில் முழு விமானமும் பளபளவென்று மக்கள் முன் வந்தபோது, ஹிரோஷிமாவில் உயிர் தப்பியவர்கள் அங்கு வந்து எதிர்ப்புத் தெரிவிக்க நேர்ந்தது. உலோகத்துக்கு 3 இலட்சம் மணி நேரம் ஒதுக்க முடிந்த ஒரு நிறுவனத்தால், மனிதருக்கு ஒரு பலகை ஒதுக்க முடியவில்லை.

ஆனால் முடியாத காரியமும் அன்று. 2012 ஜூனில் இலண்டன் கிறீன் பார்க்கில் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அந்தப் படையில் 55,000க்கு மேற்பட்டோர் இறந்தவர்கள், அவர்களுக்கானது அது. ஆயினும் 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூர்வதாக அதிலேயே பொறித்திருக்கிறார்கள். அன்று பிரித்தானிய லங்காஸ்ரர் மேலே பறந்து பொப்பி மலரிதழ்களைத் தூவியது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் குண்டுவீச்சால் இடிந்த தேவாலயம் மீண்டும் கட்டப்பட்டபோது, அதன் உச்சியில் நிற்கும் சிலுவையைச் செய்தவர், அந்நகரைத் தாக்கிய பிரித்தானிய விமானிகளுள் ஒருவரின் மகன். இதனால் அந்த விமானிகளின் வீரம் குறைந்துபோனதாக எவரும் சொல்லவில்லை.

இங்கே நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது நேர்மையாகாது. 2007 மார்ச் 26 அன்று புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின்மீது குண்டு வீசித் திரும்பியபோது, நம்மவர் எத்தனை பேர் இனிப்பு வழங்கினார்கள்! நமக்கும் வானம் வாய்த்துவிட்டது என்ற பெருமிதம் உலகெங்கும் பரவியது. 2009 பெப்ரவரி 20 அன்று அவற்றுள் ஒன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. அங்கும் மனிதர்கள் இறந்தார்கள், பலர் காயமுற்றார்கள். நவாலிக்கு ஒரு வரி கேட்கிற நாம், அவர்களுக்கும் ஒரு வரி எழுத ஒப்பவேண்டும். ஒப்பாவிட்டால் நம் கோரிக்கைக்கு எடையில்லை.

இவ்விமானங்களை உருக்கிவிடவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. புக்காராவை உருக்கினால் நவாலியின் சாட்சி ஒன்று குறையும், அவ்வளவே. பறக்கவிடுவதில் மாத்திரம் எனக்குத் தயக்கம் உண்டு. 2015 ஓகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் பழைய ஹண்டர் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்ததில் 11 பேர் இறந்தார்கள். விமானி பிழைத்தார். 2022 நவம்பரில் அமெரிக்காவின் டலஸ் நகரில் இரு பழைய விமானங்கள் மோதி, அவற்றிலிருந்த 6 பேரும் மாண்டார்கள். விபத்து ஒருபுறமிருக்க, ரொறன்ரோவில் ஆண்டுதோறும் நடக்கும் விமானக் கண்காட்சியின் இரைச்சல், போரிலிருந்து தப்பி வந்தோரை வாட்டுகிறது என்ற குரல் அந்நகரில் எழுந்து வருகிறது. என் தோழரின் உடம்பு விறைத்ததற்கு அவர் வெட்கப்படத் தேவையில்லை. முன்னறிவிப்பும், வீடுகளுக்கு மேலே பறக்காமையும் அதிகமான கோரிக்கைகள் அல்ல.

என் முதன்மையான யோசனை வேறு. விமானத்தைப் புதுப்பிக்கும் நாடு பதுங்குகுழியையும் புதுப்பிக்கவேண்டும்.

வன்னியில் பதுங்குகுழி வெட்டுவது தனிக் கலையாகவே வளர்ந்திருந்தது. நேராக வெட்டினால் வாயிலில் விழும் குண்டின் சிதறல் உள்ளே பாயும் என்பதால் மடக்கி வெட்டுவார்கள். மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண் மூட்டைகளைப் போடுவார்கள். பள்ளிக்கூட முற்றங்களிலும் குழிகள் இருந்தன. 2009இன் இறுதி மாதங்களில் சாக்குக் கிடைக்காதபோது, பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்தார்கள். கூறைச் சேலைகளும் அவற்றுள் இருந்தன. அந்த மக்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் எங்கள் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது. விட்டு வந்த குழிகளோ மழையில் தூர்ந்தன. புதிய வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டியபோது நிரவப்பட்டன. இன்று வன்னியில் வளரும் பிள்ளைகளுள் பலர் ஒன்றையேனும் கண்டதில்லை.

விமானத்தைப் புதுப்பிக்கக் கோடிக்கணக்கில் வேண்டும். பதுங்குகுழிக்கு மண்வெட்டியும் பனங்குற்றியும், வெட்டத் தெரிந்த ஒரு முதியவரும் போதும். அந்த முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பாடசாலை முற்றத்தில் ஒன்றை வெட்டி, அருகே ஒரு பலகை நாட்டலாம். இரத்மலானையில் புக்காராவின் பக்கத்திலும் ஒன்றை அமைக்கலாம். தெற்கிலிருந்து வரும் சிங்களச் சிறுவன் விமானத்தைப் பார்த்து வியக்கட்டும்; பின்னர் அந்தக் குழிக்குள் இறங்கி, ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வரட்டும்.

தோழரின் மகனுக்கும் இதையே சொல்வேன். விமானப் பொறியியலைத் தாராளமாகப் படிக்கட்டும். அதற்கு முன், பதுங்குகுழி எப்படி வெட்டினீர்கள் என்று ஒருநாள் தந்தையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். அதுவும் பொறியியல்தான்.