சத்தம் வேற, தெளிவு வேற!

1/ தீபாவளிக்கு வீட்டுக்கு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினேன். சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிருது. வசனம் வந்தா அப்பா "என்ன சொல்றான்?" என்று ரிமோட் எடுத்து ஏத்துவார். அடுத்த குண்டு வெடிச்சதும் அம்மா குறைப்பாங்க. "உங்களுக்குக் காது டமாரமாயிருச்சுங்கப்பா"னு நானே சொல்லியிருக்கேன். ஒரு டாக்டர் பேசுற பேச்சா இது? இல்லீங்க. அதனாலதான் இந்தத் திரி.

2/ பேச்சின் பலம் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளில் இருக்கு. அவை தாழ்ந்த அலைவரிசை. ஆனா 'கடை'யா 'படை'யா 'தடை'யா என்று பிரிச்சுக் காட்டுறது மெய்யொலி. அது மெலிசு, முக்கியமா 2000-4000 ஹெர்ட்ஸ் பக்கம். வால்யூமை ஏத்தினா பாஸும் சேர்ந்து ஏறும். பலமான பாஸ், மெலிசான மெய்யொலியை மூடிடும்.

3/ விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. கடையில் போட்டுக் காட்டுறது குண்டு வெடிப்பும் குத்துப்பாட்டும்தான். ரெண்டு பேர் மெதுவாப் பேசுற காட்சியைப் போடச் சொல்லிக் கேளுங்க.

4/ படம் எடுக்கிறவங்களும் யோசிக்கணும். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தப்ப, இரைச்சல் தாங்கலைன்னு ரசிகர்களே புகார் சொன்னாங்க. ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி வேதனைப்பட்டு எழுதினார். தியேட்டர்களில் ஒலியை 2 புள்ளி குறைக்கச் சொன்னதாத் தயாரிப்பாளர் சொன்னார். சத்தமா இருந்தாத்தான் பிரம்மாண்டம்னு யாருங்க சொன்னது?

5/ சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

• 5.1ல் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் வரும். அதை ஷோகேஸ் உள்ளே தள்ளாதீங்க. விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்த்துத் திருப்புங்க. செட்டிங்ஸில் சென்டரை மட்டும் 2-3 டெசிபல் ஏத்துங்க.
• சப்வூஃபரைக் குறைங்க.
• 'நைட் மோட்' போடுங்க. வெடிக்கும் முணுமுணுப்புக்கும் உள்ள இடைவெளி குறையும்.
• ரெண்டே ஸ்பீக்கர்னா ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாத்துங்க.
• டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். பவானி ஜமுக்காளம் ஒண்ணு விரிங்க, கனமான திரை போடுங்க.

6/ இவ்வளவும் செஞ்சு, வீட்ல ஒருத்தருக்கு மட்டும் புரியலையா? அப்ப குறை ஸ்பீக்கர்ல இல்லீங்க.

அப்பா சோமனூர் பக்கம் 30 வருஷம் விசைத்தறி ஓட்டினவர். இரைச்சல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் காதை முதல்ல அடிக்கும். உயிரொலி நிக்கும், மெய்யொலி போயிரும். "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை"ங்கிறது அதுதான். ஆடியோகிராம் எடுத்தோம். அதே இடத்துல பள்ளம்.

7/ இரைச்சலால் வரும் காதுகேளாமை, 1948 தொழிற்சாலைகள் சட்ட அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்த தொழில்நோய். ஆனா எந்தத் தறிக்குடோன்ல காதுக்கு அடைப்பான் பார்த்திருக்கீங்க? தறி அவங்க காதை எடுத்துக்குச்சு. அந்தக் கூலியில படிச்ச நாம 'டமாரம்'னு கேலி பண்றோம்.

8/ கேலியோட முடியறதில்லை. பேச்சு புரியாதவர் மெல்லப் பேச்சையே விட்டுருவார். மறதி நோய்க்கு நாம தடுக்கக்கூடிய காரணங்களில் காதுகேளாமையும் ஒண்ணுன்னு 2024 லான்செட் ஆணைய அறிக்கை சொல்லுது.

9/ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காதைப் பரிசோதிக்கலாம். தகுதி இருந்தா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமா காது மெஷின் இலவசமாவே கிடைக்கும்.

அடுத்த சப்வூஃபர் வாங்குறதுக்கு முன்னாடி, அப்பாவை ஒருக்கா கூட்டிட்டு வாங்க.