வெயில் யாருக்குப் பாடம், யாருக்குக் கூலி?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களிடையே ‘இயற்கைவழிக் கற்றல்’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பதின்பருவப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் அழைத்துப்போகிறார்கள். அவர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், நாற்று நடுகிறார்கள், மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்கிறார்கள். நான்கு சுவருக்குள் மனப்பாடம் செய்து மதிப்பெண் எடுப்பதைவிட இது மேலான கல்வி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. அதே வெயிலில், அதே வயலில் நிற்கும் இன்னொரு பிள்ளையை ஏன் யாரும் மாணவர் என்று அழைப்பதில்லை?

என் முனைவர் பட்ட ஆய்வு ஏரிப்பாசனம் பற்றியது. அதனால் இப்படியொரு குழு, சென்ற ஆண்டு ஓர் ஏரியைச் சுற்றிக்காட்ட என்னை அழைத்தது. அந்த ஊர் நீர்க்கட்டியையும் வரச் சொல்லியிருந்தேன். மடையைத் திறப்பது, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் கரை காப்பது எல்லாம் அவர் வேலை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதைச் செய்பவர்கள் தலித்துகள். இவரும் அப்படித்தான். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, “தண்ணி பத்தலன்னா யாருக்குத் தாத்தா குறையும்?” என்று கேட்டாள். “கடைமடைக்குத்தான் பாப்பா. அங்கதான் எங்க ஆளுங்க நெலம் இருக்கு” என்றார் அவர்.

அந்த ஒரு பதிலிலிருந்து நில உடைமை, 1892இல் தொடங்கும் பஞ்சமி நிலத்தின் வரலாறு, தண்ணீரின் சாதி என்று ஒரு வருடத்துக்கான பாடம் நடத்தலாம். ஆனால் ஒருங்கிணைப்பாளர், “அரசியல் வேண்டாமே, இயற்கையை மட்டும் பார்ப்போம்” என்று சொல்லிப் பிள்ளைகளை நீர்க்காகம் பார்க்க அழைத்துப்போய்விட்டார். முடிந்ததும் எனக்கு ஓர் உறையில் பணம் தந்தார்கள், அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். அவருக்குப் பணம் இல்லையா என்று கேட்டேன். “அவர் உள்ளூர்க்காரர்தானே” என்றார்கள்.

அவருடைய பேரனுக்கும் பதினைந்து வயதுதான். எந்த மடையில் எவ்வளவு நேரம் தண்ணீர் போகும் என்பது அவனுக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு இப்போது செங்கல் ஏற்றப் போகிறான்.

இந்த இரண்டு பிள்ளைகளையும் பிரிக்கும் வயதைச் சட்டமே குறித்துவைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் இலவசக் கட்டாயக் கல்விக்கு உறுதி தருகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே தடைசெய்கிறது. 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் சேரவும் 14 வயது நிரம்பினால் போதும். வீட்டுக்கல்விப் பிள்ளைகள் பலர் எழுதுவது இந்தத் தேர்வைத்தான். நீர்க்கட்டியின் பேரனும் இதை எழுதலாம். அந்தப் பெண் எழுதினால் ‘மாற்றுக்கல்வி’ என்போம், அவன் எழுதினால் ‘இடைநின்றவன்’ என்போம்.

செய்து கற்பது, மண்ணோடு கற்பது என்ற சொற்களைத் தமிழ்நாடு ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி போதும், மிச்ச நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. வயலில் கற்பதை யாரும் அன்று எதிர்க்கவில்லை. பிறந்த சாதியின் வேலைக்குள்ளேயே ஒரு பிள்ளையை அடைப்பதைத்தான் எதிர்த்தார்கள். நாற்று நட்டுவிட்டு வீடு திரும்பி, மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக முடிந்த பிள்ளைக்கு வயல் ஒரு பாடம். திரும்பிப் போக வேறு இடமில்லாத பிள்ளைக்கு அது விதி என்று சொல்லப்படுகிறது.

அறிவு யாருடையது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்வாதாரம் இழந்த இருளர்கள் 1978இல் சென்னைக்கு அருகே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிப்புக்கு இந்த நஞ்சுதான் மூலப்பொருள். வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே சமூகத்துப் பிள்ளைகள் பழங்குடிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். காட்டைக் கற்பிக்க இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஆனால் இயற்கை நடைகளில் இவர்கள் வழிகாட்டிகள் மட்டுமே, ஆசிரியர்கள் வேறு யாரோ.

‘திறந்தவெளி’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1927இல் மகாட் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இந்த நாட்டில் குளமும் தெருவும் சுடுகாடும் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை.

பள்ளிகளில் வன்முறை இருக்கிறது, அதனால்தான் பிள்ளையை வெளியே எடுத்தோம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். உண்மைதான். கோணிப்பையைத் தானே கொண்டுபோய் வகுப்பில் தனியே உட்கார்ந்த அம்பேத்கர் காலத்திலிருந்து, 2023இல் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட மாணவர் வரை, அந்த வன்முறையை எங்களைவிட அறிந்தவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் பெற்றோர் எங்களைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பல சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வாய்ப்புள்ள பொது இடம் வேறு இல்லை என்பதால்தான். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால், அந்தப் பெஞ்சைச் சரிசெய்யும் பொறுப்பு ஏழைகளின் தலையில் மட்டும் விழும்.

எனவே ஏரிக்கரைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கல்வி உரிமையை 18 வயது வரை நீட்டிக்கக் குரல் கொடுங்கள். ஏரியும் காடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பாடவேளைக்குள் வரட்டும், அதற்கு நிதி ஒதுக்கச் சொல்லுங்கள். நீர்க்கட்டிக்கும் இருளருக்கும் துண்டு வேண்டாம், ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுங்கள். அடுத்த முறை பிள்ளைகளோடு மடையருகே நிற்கும்போது, நீர்க்காகத்தையும் காட்டுங்கள், கடைமடை யாருடையது என்பதையும் கேட்க விடுங்கள்.