மின்கலத்தைக் கழற்றாதீர்கள்

தீ விபத்தில் சிக்கியவர்களைப் பரிசோதிக்கையில், தோலின் காயத்தைவிட உள்ளே சென்ற புகையே நுரையீரல் மருத்துவனாகிய எனக்கு அதிக அச்சம் தருகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை மூக்கு எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. ஒலிதான் எழுப்ப வேண்டும்.

சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குப் புகை எச்சரிப்புக் கருவி கட்டாயம். பழைய வீவக வீடுகளில் வசிப்போரும் அதைப் பொருத்திக்கொள்வதே நல்லது. அதுவும் விவரமறிந்த பணியாளரைக் கொண்டு. மின்விசிறிக் காற்றும் சமையல் ஆவியும் எட்டாத இடத்தை அவர் அறிவார். இடம் தவறினால் தாளிப்புக்கெல்லாம் கருவி அலறும், சாம்பிராணிக்கும் அப்படியே. உடனே நாற்காலியில் ஏறி மின்கலத்தைக் கழற்றிவிடுகிறோம். (என் வீட்டிலும் இது நடந்ததுண்டு.) பிறகு அதைத் திரும்பப் பொருத்த யாருக்கும் நினைவிருப்பதில்லை.

முதுமையில் கீச்சொலிகளே முதலில் காதுக்கு எட்டாமல் போகின்றன. பெரும்பாலான கருவிகள் எழுப்புவதோ கீச்சொலி. ஆகவே மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தும்போது, செவிக்கருவியைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திப் படுத்திருக்கும் பாட்டிக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையெனில் அவர் அறையிலேயே ஒன்று வேண்டும். தயாரித்து 10 ஆண்டுகள் கடந்த கருவிக்குப் புதிய மின்கலம் போட்டுப் பயனில்லை, கருவியையே மாற்றிவிடுங்கள்.