பதிமூன்று வயசில் கத்தியா?

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர் ஒருவர், சென்னை பம்மலில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனார். அவசர நிலையைச் சமாளிக்க அங்கே போதிய வசதி இல்லை என்றது அரசு விசாரணை. கோட்டுச்சேரியில் குண்டுப் பிள்ளையைப் பெற்றவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

ஆனால் தப்பு சிகிச்சையிலா, செய்த இடத்திலா? தீவிர உடல் பருமன் என்றால் 13 வயசிலிருந்தே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023-இல் சொன்னது. சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் வந்துவிட்ட பிள்ளையிடம் 'ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாயிடும்' என்பது வைத்தியமில்லை, கிண்டல்!

அதற்காக ஆஃபர் விளம்பரத்தைப் பார்த்து ஓடவும் கூடாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்கு போய்விடும், திரும்ப வராது. ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை. (காமர்ஸ்காரன் பாஷையில், பராமரிப்புச் செலவையும் சேர்த்தால்தான் அடக்கவிலை.) ஒவ்வொரு செக்கப்புக்கும் சென்னை பஸ் ஏற முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கட்டும், வயிறு அவனுடையது.